புகை படக்கூடாத இயந்திரம்

எங்கள் கம்பெனியில் பாதுகாப்புக்கென்று தனியாக ஒரு அறை உண்டு. அந்த அறை மிகவும் பாதுகாப்பானது. கண்ணாடிக் கதவு, குளிர்ந்த காற்று, மூலையில் ஒரு தொட்டிச் செடி, சுவரில் "உங்கள் உயிரே எங்கள் மூச்சு" என்ற வாசகம். அதற்குள் உட்கார்ந்திருக்கும் யாருக்கும் இன்றுவரை ஒரு கீறல்கூட விழுந்ததில்லை. மற்ற இடங்களில் இருப்பவர்களைப் பற்றி அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாது. நான் பெட்டி ஒட்டும் பிரிவில் இருப்பவன். அட்டை கிழித்த விரல்களை எண்ணுவதை எப்போதோ விட்டுவிட்டேன்.

அந்த அறையின் பெருமை அங்கே நிற்கும் புகை உறிஞ்சி. ஆள் உயரத்தில் வெள்ளை வெளேரென்று ஒரு பெட்டி. அதன் தலையிலிருந்து எந்தப் பக்கமும் வளைந்து நீளும் குழாய்கள். ஈயத்தை உருக்கி ஒட்டும் சால்டரிங் கூடத்துக்காகத்தான் அதை வாங்கினார்கள். ரிப்பன் வெட்டி, கைதட்டி, ஒரு வாரம் கூடத்தில் ஓடவும் செய்தது. வார முடிவில் பாதுகாப்பு அதிகாரி மூடியைத் திறந்து வடிகட்டியைப் பார்த்தார். வெள்ளையாக இருந்த வடிகட்டி கன்னங்கரேலென்று கிடந்தது. மனிதர் ஆடிப்போய்விட்டார். நம்பி ஒப்படைத்த பொருளை ஒரே வாரத்தில் இந்தக் கதிக்கு ஆளாக்கிவிட்டீர்களே என்று கூடத்தில் இருந்தவர்களைப் பார்த்துக் கேட்டபோது அவர் குரல் தழுதழுத்தது. அன்று மாலையே இயந்திரம் அவர் அறைக்குப் போனது. புகை உறிஞ்சியைப் புகை இல்லாத இடத்தில் மட்டுமே வைக்க வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கையும் வந்தது.

அதிலிருந்து அது நாள் முழுக்க அங்கே ஓடிக்கொண்டிருக்கிறது. நல்ல காற்றை இழுத்து நல்ல காற்றாகவே விடுகிறது. வருகிறவர்களுக்கெல்லாம் அதிகாரி மூடியைத் திறந்து காட்டுவார். வடிகட்டி பால் போல இருக்கும். சரியாகப் பராமரித்தால் எத்தனை வருஷமானாலும் இப்படியே இருக்கும் என்பார்.

கூடத்தில் வேலை செய்கிறவர்களில் மூத்தவள் புள்ளியக்கா. லிஃப்ட் பொத்தானுக்குப் பின்னால் ஒரு சின்னப் பலகை இருக்குமே, அதைத்தான் நாங்கள் செய்கிறோம். அதில் அக்கா வைக்கும் ஈயப் புள்ளி ஒவ்வொன்றும் ஒரே அச்சில் வார்த்ததுபோல இருக்கும், அதனால் அந்தப் பெயர். ஈயம் செம்பில் ஒட்ட வேண்டுமென்றால் ஃப்ளக்ஸ் வேண்டும். ஃப்ளக்ஸ் என்பது மரப்பிசினில் செய்த பசை. அது இல்லாவிட்டால் ஈயம் உருண்டு ஓடிவிடும். சூடு பட்டதும் அந்தப் பிசின் நூலாகப் புகைந்து மேலே எழும். முதல் நாள் வாசனையாகக்கூட இருக்கும். புள்ளியோ கடுகளவு, குனிந்தால்தான் தெரியும். குனிந்தால் மூக்கு நேராகப் புகையின் பாதையில் போய் நிற்கும்.

இப்படிப் பல வருஷம் குனிந்ததில் அக்காவுக்கு இருமல் வந்தது. இருமலோடு நெஞ்சுக்குள் விசில் சத்தமும் வந்தது. டாக்டர் மருந்து எழுதுவதற்கு முன் ஒரு கேள்வி கேட்டாராம்: லீவு நாளில் எப்படி இருக்கிறது? லீவு நாளில் ஒன்றுமே இல்லை, வேலைக்கு வந்த அன்று மத்தியானமே தொடங்கிவிடுகிறது என்றாள் அக்கா. அப்படியென்றால் இது ஃப்ளக்ஸ் புகைதான் என்றார் டாக்டர். நெஞ்சு ஒருமுறை அந்தப் புகையோடு பகைத்துக்கொண்டால் பிறகு துளி பட்டாலும் போதும், சீறிக்கொண்டு வரும். ஒன்று புகையை மூக்குக்கு வராமல் பிடித்து இழுக்க வேண்டும், இல்லையென்றால் அவள் அந்த இடத்தை விட்டுப் போக வேண்டும். தள்ளிப்போட்டால் நெஞ்சு பழையபடி திரும்பாது. சொல்லிவிட்டு, மூச்சு முட்டினால் இழுத்துக்கொள்ள ஒரு மருந்துக் குப்பியும் கொடுத்தார்.

அக்காவின் புருஷன் தண்ணீர்க் குழாய் வேலை செய்கிறவர். விஷயத்தைக் கேட்டதும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு ரூமில் இருக்கும் குழாயை அடுத்த ரூமுக்கு மாற்ற வேண்டும், அவ்வளவுதானே, நானே வந்து சாயங்காலத்துக்குள் முடித்துத் தருகிறேன் என்று பையைத் தூக்கிக்கொண்டு வந்தார். கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். அவர் காலில் இருந்தது பாதுகாப்பான செருப்பு இல்லையாம்.

அக்காவே போய்க் கேட்டாள். அதிகாரி தங்கமான மனிதர், யாரையும் கடிந்து பேசமாட்டார். புகை இருக்கிறது என்று நீங்கள் சொல்கிறீர்கள், நான் இல்லையென்று சொல்லவில்லை, அளந்து பார்த்துவிட்டால் போச்சு என்றார். அளக்கும் கருவி பெட்டிக்குள் பஞ்சில் படுத்திருந்தது. வேலை நடக்கும்போது அதை வெளியே எடுத்தால் புகை பட்டு வீணாகிவிடும் என்பதால் லீவு நாளில் எடுத்துப்போய், எல்லா ஜன்னலையும் திறந்துவைத்து, ஆளில்லாத கூடத்தில் அளந்தார். புகை பூஜ்ஜியம்.

"கருவிக்கு யார் மேலயும் கோபம் கிடையாதும்மா. யார்கிட்டயும் எதையும் எதிர்பார்க்கறதும் கிடையாது. அதனால அது பொய் சொல்லாது" என்றார் அதிகாரி. பொய் சொல்லக்கூடியவர்கள் யார் என்பதை அவர் சொல்லவில்லை. அக்காவைப் பரிவோடு பார்த்ததோடு நிறுத்திக்கொண்டார்.

அதற்காகச் சும்மாவும் இருந்துவிடவில்லை. கூடத்தில் எல்லோருக்கும் ஒரு வகுப்பு எடுத்தார். ஈயம் கையில் ஒட்டும், சாப்பிடுவதற்கு முன் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும் என்றார். அது நூற்றுக்கு நூறு உண்மை. மேசைமேல் காட்சிக்கு ஒரு சோப்பும் வைத்திருந்தார். வகுப்பு முடிந்ததும் அதைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அடுத்ததாக வந்தது மூச்சு மணி. புகை உள்ளே போவது மூச்சு விடுவதால்தான் என்று அதிகாரி கண்டுபிடித்திருந்தார். மணி அடித்தால் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு புள்ளி வைக்க வேண்டும். மறுபடி அடித்தால் வேலையை நிறுத்திவிட்டு மூச்சு விட வேண்டும். முதல் நாள் நன்றாகத்தான் போனது. இரண்டாம் நாள் மணியடிக்கும் உதவியாளர் டீ குடிக்கப் போய், அங்கே யாருடனோ பேச்சு சுவாரசியத்தில் நின்றுவிட்டார். கூடத்தில் பாதிப் பேர் ஊதா நிறத்துக்கு வந்துவிட்டார்கள். சூப்பர்வைசர் மேசைமேலேயே சாய்ந்துவிட்டார். அவர் புள்ளி வைக்கிறவரே இல்லை, விதி என்றால் விதி என்று அவரும் மூச்சைப் பிடித்திருக்கிறார். விசாரணையில், தொழிலாளர்கள் போதிய மூச்சு இல்லாமல் வேலைக்கு வந்திருக்கிறார்கள் என்று முடிவானது.

அக்காவின் இருமல் மட்டும் மணிக்கெல்லாம் கட்டுப்படவில்லை. குனிந்தால் இருமல், இருமினால் கை ஆடியது, கை ஆடினால் புள்ளி கோணியது. வேலையை விட்டால் வீடு நடக்காது, புருஷனுக்கு வேலை வந்தால் வரும், வராவிட்டால் இல்லை. வேலையையும் விட முடியாமல், மூச்சையும் ஒழுங்காக விட முடியாமல் அவள் திண்டாடினாள்.

அந்தச் சமயத்தில்தான் தலைமை அலுவலகத்திலிருந்து சோதனைக்கு வரப்போகிறார்கள் என்று செய்தி வந்தது. அதிகாரி பெட்டியைத் திறந்தார். கருவி இறந்துபோயிருந்தது. பஞ்சில் படுத்தபடியே பேட்டரி கசிந்து, உள்ளெல்லாம் பச்சை பூத்துவிட்டது. புதுக் கருவி வாங்க மேலே எழுதிக் கேட்டால், பழைய கருவி எப்படிப் போனது என்று கேட்பார்கள். பேயறைந்ததுபோல உட்கார்ந்திருந்தவரிடம் உதவியாளர்தான் மெல்லச் சொன்னாராம்:

"சார், புள்ளியக்கா இருக்காங்கல்ல. நம்ம கண்ணுக்குப் புகையே தெரியாதப்பக்கூட அவங்களுக்கு இருமல் வந்துடுது. அந்தக் கருவியவிட இது நல்லாவே அளக்குது சார்."

அதுவரை எதற்கும் சாட்சியாகாத அந்த இருமல் அன்று மத்தியானமே அளவையாக உயர்ந்தது. தொண்டையைக் கனைத்தால் கவனம், ஒரு இருமல் என்றால் எச்சரிக்கை, விடாமல் இருமினால் ஆபத்து, ஒன்றுமே இல்லையென்றால் புகை இல்லை. அக்காவைப் புள்ளி வைக்கும் வேலையிலிருந்து விடுவித்து, கருவியாக நியமித்தார்கள். அவள் கோட்டின் தோள்பட்டையில் கம்பெனிச் சொத்து என்று ஒரு ஸ்டிக்கர் ஒட்டினார்கள். சம்பளம் மட்டும் பராமரிப்புச் செலவுக் கணக்கில் வந்தது.

கருவியென்று ஆகிவிட்டால் கருவிக்குண்டான விதிகள் எல்லாம் உண்டு. கருவியைக் குலுக்கக்கூடாது, அதனால் அக்காவைப் படியேற விடவில்லை. கருவியை வெயிலில் வைக்கக்கூடாது. முக்கியமாக, வீணாகிவிடும் என்பதால் கருவிமேல் புகை படவே கூடாது. ஆகவே அவளைப் பாதுகாப்பு அறையில், புகை உறிஞ்சியின் வாய்க்குப் பக்கத்தில், மெத்தை போட்ட நாற்காலியில் வைத்தார்கள். மனுஷியாக நின்று கேட்டபோது கிடைக்காத காற்று, கருவியானதும் கேட்காமலே கிடைத்தது. இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

சாயங்காலம் வீட்டுக்குப் போவதில் ஒரு சிக்கல். கம்பெனிச் சொத்தை கேட் பாஸ் இல்லாமல் வெளியே கொண்டுபோக முடியாது. தினமும் புருஷன் வந்து, நல்ல நிலையில் திருப்பி ஒப்படைக்கிறேன் என்று கையெழுத்துப் போட்டுக் கூட்டிக்கொண்டு போவார். "கல்யாணத்தன்னிக்குக்கூட உன் அப்பா என்கிட்ட இப்படி எழுதி வாங்கலயே" என்று அவர் சொன்னதும், அக்கா நெடுநாளைக்குப் பிறகு இருமல் இல்லாமல் சிரித்தாளாம். உண்மையில் அவள் உடம்பு தேறித்தான் இருந்தது. விசில் நின்றது. தூக்கம் வந்தது.

அப்படியே இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. கூடத்தில் அக்காவின் பக்கத்து மேசையில் ஒரு பெண் இருந்தாள், பிள்ளை பெற்று அப்போதுதான் வேலைக்குத் திரும்பியவள். அக்காவின் பங்குப் பலகைகளும் அவள் தலையில் விழுந்தன. ஒரு நாள் நான் பெட்டி வண்டியைத் தள்ளிக்கொண்டு போனபோது அவள் இருமிக்கொண்டிருந்தாள். தூசியாக இருக்கும் என்று நினைத்தேன். மறுவாரமும் இருமினாள். லீவு நாளில் எப்படி இருக்கிறது என்று அக்கா சொல்லிக்கொடுத்தபடியே கேட்டேன். "வீட்ல நல்லாத்தான்ணே இருக்கேன். இங்க வந்தாதான்" என்றாள்.

அக்காவிடம் சொன்னேன். அவள் முகம் செத்துவிட்டது. நேராக அதிகாரியிடம் போய், அவள் சின்னப்பெண், இந்தக் குழாயில் ஒன்றையாவது அவள் மேசைக்கு நீட்டுங்கள் என்று கேட்டாள். அதிகாரி பொறுமையாகவே விளக்கினார். முதலில், கருவி கோரிக்கை வைக்கக்கூடாது. இரண்டாவது, அந்தப் பெண்ணும் இருமுகிறாள் என்பதற்காக அவளையும் கருவியாக்க முடியாது, துறைக்கு ஒரு கருவிக்குத்தான் அனுமதி. மூன்றாவதாகச் சொன்னதை அக்கா வார்த்தை பிசகாமல் என்னிடம் ஒப்பித்தாள்:

"இந்த மெஷின் புகையே இல்லாத இடத்துலதாம்மா இருக்கணும். அது எந்த இடம்னு நானா சொல்ல முடியாது, நீங்கதான் சொல்லணும். கருவி என்ன சொல்லுதோ அதுக்கு மேல இங்க பேச்சே கிடையாது."

சாப்பாட்டு நேரத்தில் இதைச் சொல்லிவிட்டு அக்கா டப்பாவை மூடினாள். பிறகு, நான்தானே சொல்லணும், சொல்லிட்டாப் போச்சு என்றாள். அவள் மனதில் ஓடியது எனக்குப் புரிந்துவிட்டது. கூடத்தில் புகை இல்லை என்று கருவி சொல்ல வேண்டுமென்றால், வேலை நடக்கும்போது அங்கே போய், அந்தப் புகைக்குள்ளேயே இருமாமல் நிற்க வேண்டும். துளி பட்டாலே சீறுகிற நெஞ்சு. டாக்டர் சொன்னது மறந்துபோச்சா என்று கேட்டேன்.

"மறக்கல. அவளுக்கு இப்பதான் ஆரம்பிச்சிருக்கு. நான் இந்தக் குளிருக்குள்ள உக்காந்துகிட்டு, அது முத்தற வரைக்கும் கண்ணாடி வழியா பாத்துட்டு இருக்கணுமா?" என்றாள். மருந்துக் குப்பியை என் கையில் கொடுத்து, முடிந்ததும் சைக்கிள் ஷெட்டுக்குப் பின்னால் வருகிறேன், நீயும் அங்கே வந்துவிடு என்றாள்.

சோதனைக்கு வந்தது ஒரு அம்மா. கையில் பேனா, கழுத்தில் அட்டை, எதையும் நம்பாத கண்ணாடி. அதிகாரி வடிகட்டியைக் காட்டினார். அம்மா தலையசைத்தார். அடுத்து அக்காவைக் காட்டி, இதுதான் எங்கள் அளக்கும் கருவி என்றார். வெளிநாட்டுத் தயாரிப்பா என்று அம்மா கேட்டார். உள்ளூர்தான், ஆனால் நன்றாக உழைக்கும் என்றார் அதிகாரி. ஸ்டிக்கரில் இருந்த எண்ணைச் சரிபார்த்த பிறகு அம்மாவுக்குத் திருப்தி.

முதல் அளவீடு பாதுகாப்பு அறையிலேயே. அதிகாரி புன்னகையோடு கையைக் காட்டினார். அக்கா ஒரு முறை கனைத்தாள். பிறகு இருமினாள். பிறகு செடியைப் பார்த்து, வாசகத்தைப் பார்த்து, அதிகாரியைப் பார்த்து, விடாமல் இருமினாள். உதவியாளர் சொல்கிறார், அத்தனை வருஷப் பயிற்சியும் அதில் தெரிந்ததாம். ஆபத்து என்று அம்மா எழுதிக்கொண்டார். கருவியில் ஏதோ கோளாறு என்று அதிகாரி முனகினார். கருவி பொய் சொல்லாது என்று அவர் கையெழுத்திலேயே சுவரில் ஒரு அறிவிப்பு இருந்தது. அம்மா பேனாவால் அதைத் தொட்டுக் காட்டினார்.

அடுத்து கூடம். நான் காலிப் பெட்டிகளை அடுக்குவதுபோலப் பாவனை செய்துகொண்டு ஓரத்தில் நின்றேன். எல்லா மேசையிலும் வேலை மும்முரமாக நடந்தது, மேசைக்கு மேசை நூல் நூலாகப் புகை. அக்கா முதல் வரிசையில் நுழைந்தாள். உதட்டை இறுக்கியிருந்தாள். அவள் கழுத்து நரம்பு புடைத்தது எனக்குத் தெரிந்தது, எழுதிக்கொண்டே நடந்த அம்மாவுக்குத் தெரியவில்லை. பக்கத்து மேசைக்காரி நிமிர்ந்து பார்த்தாள். அதிகாரி அங்கே நின்றுவிட்டார். இந்த இடத்தில் கொஞ்சம் கூடுதலாக அளக்கலாம் என்றார். தன் அறையின் மானம் போன வருத்தத்தில் இங்கேயாவது ஒரு இருமல் விழாதா என்று அவருக்கு நப்பாசை. அக்கா நின்றாள். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. இது என்ன என்று அம்மா கேட்டார். ஈரப்பதம் என்றார் உதவியாளர். அம்மா அதையும் எழுதிக்கொண்டார்.

அந்த நேரம் நான் வேண்டாத கடவுள் இல்லை. என் மூச்சும் நின்றுபோயிருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது.

"புகை இல்லை" என்று அம்மா வாய்விட்டுச் சொல்லி, கோடு போட்டு முடித்தார். விதிப்படி உறிஞ்சியை உடனே இங்கே மாற்றுங்கள், ஆபத்தான அறையில் இவ்வளவு நல்ல இயந்திரத்தை வைத்திருந்ததற்கு விளக்கம் எழுதுங்கள் என்றார். அதிகாரி தன் அறைக்கு மஞ்சள் நாடா கட்டிப் பூட்டினார். இயந்திரத்தை உருட்டிக்கொண்டு வந்தபோது சுவிட்சைப் போட்டது அந்தப் பக்கத்து மேசைக்காரிதான். குழாய்களை ஆளுக்கொன்றாக இழுத்துப் புள்ளிக்குப் பக்கத்தில் வைத்தார்கள். நூல் நூலாக எழுந்த புகை பாதியிலேயே வளைந்து குழாய்க்குள் போனது. பிற்பாடு வடிகட்டி கறுக்கத்தான் செய்தது. ஆனால் கூடத்தில் புகை இல்லை என்று தலைமை அலுவலகமே எழுதிக் கொடுத்திருந்ததால், கறுப்பு அந்த வடிகட்டியின் இயல்பான நிறம் என்று முடிவு செய்து, அவ்வப்போது புதிது மாற்றிக் கொடுத்தார்கள்.

நான் அதையெல்லாம் நின்று பார்க்கவில்லை, ஷெட்டுக்கு ஓடிவிட்டேன். அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். வந்து சேர்ந்ததும் அடக்கி வைத்ததெல்லாம் ஒன்றாகக் கிளம்பியது. அப்படியொரு இருமலை நான் கேட்டதில்லை. உட்கார்ந்துவிட்டாள், முகம் வெளிறி, உதடு நீலமாக. குப்பியை வாயில் வைத்து அழுத்தினேன். முதல் தடவை மருந்து வெளியே போய்விட்டது. மறுபடி அழுத்தினேன். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடலாமா என்று நினைத்த நேரத்தில் மூச்சு கொஞ்சம் உள்ளே இறங்கியது.

சத்தம் கேட்டு அதிகாரி வந்துவிட்டார். எங்கள் குட்டு உடைந்தது, அக்காவின் வேலை போனது, இயந்திரமும் திரும்பப் போனது என்று நான் ஒரு நொடியில் எல்லாவற்றையும் பார்த்துவிட்டேன். அவர் அக்காவைப் பார்த்தார். ஷெட்டை மேலும் கீழும் பார்த்தார். காற்றை மோந்தார். பிறகு பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

"இங்கயுமா?" என்றார் கவலையோடு.

அக்கா என்னைப் பார்த்தாள். பேச முடியாமல் ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினாள். அதிகாரி எழுதிக்கொண்டார். அவள் மறுபடி இருமினாள், அதையும் எழுதிக்கொண்டார். எவ்வளவு நேரம் நீடிக்கும் என்று எனக்குக் கணக்கு வேண்டும் என்று அவர் குனிந்து கேட்டபோதுதான் அவளுக்குக் குரல் வந்தது.

"டாக்டர் சொன்னது சரியா இருந்தா, ஆயுசுக்கும் சார்" என்றாள்.

நன்றி சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் காலை ஷெட்டைச் சுற்றி மஞ்சள் நாடா கட்டி, கொடும்புகைப் பகுதி, யாரும் நுழையக்கூடாது என்று பலகை வைத்திருந்தார்கள். அன்றைக்கு நல்ல மழை. நாங்கள் எல்லோரும் சைக்கிளைத் தெருவில் நனையவிட்டு வேலைக்குப் போனோம். ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை.